பெருவிரலில் சுண்ணாம்பு

என் வேலை சிறுநீர் பார்ப்பது. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் பக்கத்து இலைக்காரர் ஒரு கை தள்ளி உட்காருவார். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். ரத்தம், சளி எல்லாம் பார்ப்பேன் என்றாலும் மைக்ரோஸ்கோப்பில் எனக்குப் பிடித்தது சிறுநீர்தான். மனிதர்கள் வாயால் எதையாவது மறைப்பார்கள். அந்தச் சின்ன பாட்டில் மறைக்காது. இதை நம்பிக்கை என்பதைவிடத் திமிர் என்றே சொல்லலாம்.

எங்கள் டாக்டர் சின்ன வயதுக்காரர். என்னை அக்கா என்பார், நான் மேடம் என்பேன். சண்டை போட்டுக்கொள்ளும்போதும் இந்த மரியாதை மாறாது. வந்த முதல் வருடத்திலேயே அவர் ஒன்றைக் கவனித்தார். தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் இடுப்பு வலி, காய்ச்சல் என்று வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. லைனில் நிற்கும் பெண் பாத்ரூம் போக வேண்டுமானால் அவள் இடத்தில் நிற்க வேறு ஆள் வர வேண்டும். அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். வல்லக்கோட்டை முருகனைக்கூட வரிசையில் நின்றால் பார்த்துவிடலாம், ரிலீவரைப் பார்க்க முடியாது என்பார்கள் அந்தப் பெண்கள். அதனால் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். எனக்கு இது புதிதல்ல. எங்கள் நிலையத்தில் பெண்களுக்கு இருப்பதே ஒரு கழிப்பறை. நோயாளிகள் சோதனைக்குச் சிறுநீர் பிடிப்பதும் அதில்தான். காலையில் வீட்டில் குடிக்கும் காப்பியோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை நானும் வாயில் பச்சைத் தண்ணீர் ஊற்றமாட்டேன்.

எங்கள் மண்டலத்துச் சுகாதாரத் துறையில் சிறிய ஆராய்ச்சிகளுக்கு ஒரு நிதி உண்டு. பெரிய மருத்துவக் கல்லூரிகள் வரிசை கட்டி உட்காரும் பந்தி அது. எங்கள் டாக்டர் எழுதிப் போட்டார். யாரும் எதிர்பார்க்காமல் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு கட்டமாக. முதலில் ஒரே ஒரு விடுதியில் பெண்களிடம் கேள்வி கேட்டு, சிறுநீரைச் சோதித்து, முடிவைத் தேர்வுக் குழுவின் முன் சொல்ல வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் இரண்டாம் கட்டம். அந்தச் சாலையில் இருக்கும் எல்லா விடுதிகளுக்கும் ஒரு வருடத்துக்கு முகாம், மருந்து, பரிசோதனை வசதி. ஒப்புக்கொள்ளாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கேள்விப் படிவத்தை டாக்டர் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் எழுதியது நான். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் கிண்ணம் வாங்கியவள் என்ற நினைப்பு எனக்கு. "கடந்த மூன்று மாதங்களில் தங்களுக்குச் சிறுநீர்ப் பாதை நோயின் அறிகுறிகளான எரிச்சல், கடுப்பு முதலியன ஏற்பட்டதுண்டா?" என்று எழுதி, நானே இரண்டு முறை வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தேன்.

விடுதியில் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், பதில் சொன்னார்கள், பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தியிடம் "உனக்கு பஸ் செல் இருக்கானு பார்க்கணும்மா" என்றேன். பஸ் செல் என்பது சீழ் அணு. தொற்று இருந்தால் சிறுநீரில் அது கூடும். அவள், "கம்பெனி பஸ் ஆறு மணிக்குத்தான் மேடம்" என்றாள். அன்று முழுவதும் லேபில் சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு சிரிக்க எதுவும் இல்லை.

படிவங்களில் எல்லாரும் "இல்லை". மைக்ரோஸ்கோப்பிலோ பாதிக்கு மேல் சீழ் அணுக்கள். அதிலும் அறுபத்தொன்று என்று எண் ஒட்டிய பாட்டிலைப் பார்த்தபோது லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சீழ் அணுக்கள் எண்ண முடியாமல் அப்பிக் கிடந்தன. நடுநடுவே சிவப்பணுக்கள். பேர் இல்லாமல் அதே எண் மட்டும் போட்ட படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எரிச்சல், இல்லை. வலி, இல்லை. காய்ச்சல், இல்லை.

டாக்டர் படிவங்களையும் என் சோதனைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா, சாம்பிள் ரொம்ப நேரம் வெயில்ல இருந்துச்சா?"

"இல்ல மேடம். ஐஸ் பெட்டியிலதான் வந்துச்சு."

"அப்போ பொண்ணுங்க சரியாப் பிடிக்கலையோ? முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல பிடிக்கணும்னு சொன்னீங்கல்ல?"

"மைக் வச்சுதான் சொல்லல. மத்தபடி எல்லாம் சொன்னேன்."

அவருக்கு முகம் சுருங்கியது. பிழை என்னிடம் என்று அவர் நேராகச் சொல்லவில்லை. ஆனால் குழுவிலிருந்து ஒரு மூத்த மருத்துவர் முன்னோட்ட அறிக்கையைப் படித்துவிட்டு நேராகவே எழுதியிருந்தார். அறிகுறியே இல்லாதவர்களுக்கு இவ்வளவு சீழ் அணு என்றால் ஆய்வகத்தை நம்ப முடியாது, அந்தப் பகுதியை நீக்கிவிட்டு வாருங்கள் என்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலென்று இவர்கள் கைகாட்டுவது இருபத்திரண்டு வருடமாக நான் குனிந்து பார்த்த மைக்ரோஸ்கோப்பை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஆனால் என் மானத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஆய்வின் விதிப்படி, அறிகுறியும் சொல்லி, சோதனையிலும் தெரிந்தால்தான் அந்தப் பெண்ணைச் சிகிச்சைக்கு அழைப்போம். அறுபத்தொன்று எல்லாவற்றுக்கும் இல்லை என்றவள். அவளை யாரும் அழைக்கப்போவதில்லை.

"மேடம், அந்த அறுபத்தொண்ணு யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய்ப் பார்க்கறேன்."

"லேபுக்குப் பேர் தெரியக் கூடாதுக்கா. அது ரூல். அடுத்த வாரம் குழு முடிஞ்சதும் ரிபீட் சாம்பிள் எடுக்கலாம்."

"அடுத்த வாரம் வரைக்கும் அந்தக் கிருமி ரூல் படிச்சுகினு உக்காந்திருக்குமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடித் திறந்து மூடினார். "சரி. நாளைக்குக் காலையில நீங்களே போய் ரிபீட் எடுங்க. எல்லாரோடதும். அப்புறம் எடுத்த விதம் தப்புன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார்.

அந்த விடுதி வல்லக்கோட்டை போகும் சாலையில் நான்கு மாடிக் கட்டடம். காலை ஏழு மணிக்கு நைட் ஷிப்ட் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வார்டன் அம்மா உள்ளூர்க்காரர். வாயில் எப்போதும் வெற்றிலை. "இன்னா மேடம், காலங்காத்தால வந்துக்கினீங்க? பசங்க இன்னும் பல்லுகூட வெளக்கல" என்று வரவேற்றார்.

பெண்கள் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வாசலில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். நான் தரையில் குந்தி, பெட்டியிலிருந்து எண் ஒட்டிய பாட்டில்களை எடுத்து அடுக்கினேன். அப்படிக் குனிந்திருந்ததால்தான் பார்த்தேன். என் கண்ணுக்கு நேரே வரிசையாகக் கால்கள். முதல் பெண்ணின் இரண்டு பெருவிரல் நகங்களிலும் வெள்ளை. நகப் பூச்சு போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது பெண்ணுக்கும் வெள்ளை. நான்காவது, ஐந்தாவது, ஏழாவது. காய்ந்து பொரிந்த வெள்ளை.

"இன்னாம்மா இது, கால்ல?"

முதலில் நின்ற பெண் வெட்கத்தோடு ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். "சுண்ணாம்பு மேடம். சூடு பிடிச்சிருக்குல்லா, அதான்."

"சூடுன்னா, ஒண்ணுக்குப் போறப்போ எரியுமே, அதுவா?"

"ஆமா மேடம். சுள்ளுனு இருக்கும்."

"போன தடவை உன்னைக் கேட்டப்போ எரிச்சல் இல்லைன்னு சொன்னியேம்மா!"

"நீங்க நோய் இருக்கானுல்லா கேட்டிய? இது நோய் இல்லல்லா மேடம். சூடு. இங்க எல்லாருக்கும் இருக்கு."

கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, டாக்டருக்குக் காட்ட அந்தக் கால்களைப் போனில் ஒரு படம் எடுத்தேன். வார்டன் அம்மா பின்னாலிருந்து, "என் சுண்ணாம்பு டப்பா வாரத்துக்கு ரெண்டு காலி ஆவுது மேடம். வெத்தல போடறது நான் ஒர்த்தி, சுண்ணாம்பு தடவறது மொத்த வூடும்" என்றார்.

சின்ன வயதில் சூடு பிடித்தால் என் அம்மா என் பெருவிரலிலும் தடவியிருக்கிறாள். இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் தெரிந்த வைத்தியம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். சூடு பிடிச்சிருக்கா என்று இரண்டே வார்த்தையில் கேட்டிருந்தால் அத்தனை பேரும் ஆமாம் என்றிருப்பார்கள். நானோ கிண்ணம் வாங்கிய தமிழில் கேட்டேன். ஆய்வகம் பிழை செய்யவில்லை. பிழை செய்தது என் கேள்வி. பெருமையாக வாய்விட்டுப் படித்தேனே, அதை நினைத்து அந்தத் தரையிலேயே எனக்கு உடம்பு கூசியது.

அந்தக் கூச்சத்தையும் அதிக நேரம் அனுபவிக்க முடியவில்லை. வரிசை முடிந்தது. எல்லா பாட்டில்களும் போயிருந்தன. ஒன்றே ஒன்று மிச்சம். அறுபத்தொன்று.

"இந்த நம்பர் சீட்டு யாருகிட்ட இருக்கு?"

சங்கரன்கோவில் பெண் மெதுவாக மாடியைப் பார்த்தாள்.

"அது ஜுரம் மேடம்" என்றார் வார்டன் அம்மா. "நேத்துலேர்ந்து படுத்துகினு கீது. மாத்திரை குட்த்துக்கீறேன், சரியாயிடும்."

என் முழங்காலுக்கு நான்கு மாடி ஏறுவது லேசில்லை. அன்று எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அறையில் பாய்கள் நெருக்கி விரித்திருந்தன. ஓரத்தில் இரண்டு போர்வைக்கு அடியில் ஒரு பெண் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே கால்கள் மட்டும். இரண்டு பெருவிரலிலும் சுண்ணாம்பு, நகம் தெரியாத அளவுக்குக் கனமாக. ஒன்று காய்வதற்குள் அதன் மேல் இன்னொன்று தடவியிருக்கிறாள். நெற்றியில் கை வைத்தேன், வைக்க முடியவில்லை. விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டியதும் அலறிவிட்டாள்.

"எந்திரிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேண்டாம் மேடம். மத்தியானம் சரியாயிரும். நைட்டு டூட்டி இருக்கு."

"இந்த உடம்போடயா?"

"நான் கான்ட்ராக்ட்டு மேடம். சேர்ந்தாப்ல மூணு நாள் போகலைன்னா நிப்பாட்டிருவாவ." சொல்லும்போதே பல் தட்டியது. "சூட்டுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாவளா?"

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அவளைத் திட்டிவிட்டேன். என்ன திட்டினேன் என்று எழுத மாட்டேன். நானும் சங்கரன்கோவில் பெண்ணும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்து இறக்கினோம். ஒவ்வொரு படிக்கும் அவள் நின்றாள். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துப் படுத்தவள், ஒரகடம் சாலை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றபோது பேசுவதை நிறுத்திவிட்டாள். கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்து, மூடிக்கொண்டாள். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

டாக்டர் வாசலிலேயே பார்த்தார். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே அவர் முகம் மாறியது. "கிட்னி வரைக்கும் ஏறிடுச்சுக்கா" என்றார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே கூடப் போனார். வண்டியில் ஏறும்முன் என் கையைப் பிடித்து, "நேத்தே பேர் சொல்லியிருக்கணும்" என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கேள்வியை எழுதியது நான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். மூன்று நாள் இழுத்து, நான்காம் நாள் கஞ்சி கேட்டாள் என்று தெரிந்தபோது லேபின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றே டாக்டர் விதியை மாற்றினார். இனி பாட்டிலில் தெரிந்தால் போதும், வாய் என்ன சொன்னாலும் மருந்து உண்டு. இரண்டு வார்த்தைக் கேள்வியோடு மறுபடி விடுதிக்குப் போனோம். இந்த முறை படிவமும் மைக்ரோஸ்கோப்பும் பெரும்பாலும் ஒன்றையே சொன்னன.

குழுக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார் டாக்டர். காஞ்சிபுரத்தில் ஏசி அரங்கம். குழுவினர், மருத்துவக் கல்லூரிக்காரர்கள், பார்வையாளர்களாகத் தொழிற்சாலைகளின் நலத்துறை ஆட்கள், ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர்கள். நான் கடைசி வரிசை. டாக்டர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் என் ஆய்வகத்தை நம்ப முடியாது என்று எழுதிய அந்த மூத்த மருத்துவர் மைக்கைப் பிடித்தார்.

"முதலில் எல்லோரும் இல்லை என்றார்கள். கேள்வியை மாற்றியதும் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். நீங்கள் விரும்பும் பதில் வரும்வரை கேள்வியை மாற்றிக்கொண்டே போவீர்களா, டாக்டர்?"

அரங்கில் சிரிப்பு. டாக்டர் தண்ணீர் குடித்தார். இரண்டாம் கட்டம் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது. நான் எழுந்துவிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"ஐயா, கேள்வி தப்பு. அதை எழுதினது நான். ஆனா பதில் அவங்க கால்ல இருந்துச்சு" என்றேன். மேடைக்குப் போய் என் போனைக் கொடுத்து, அன்று விடுதியில் நான் எடுத்த படத்தைத் திரையில் போடச் சொன்னேன். முகம் கிடையாது. வரிசையாகப் பாதங்கள், வெள்ளைப் பெருவிரல்கள். அறுபத்தொன்றின் கதையைச் சொன்னேன். ஊர் சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை. சுண்ணாம்பைச் சொன்னேன், வார்டன் டப்பாவைச் சொன்னேன். "இந்தச் சாலையில எந்த விடுதிக்கு வேணா போங்க. காலைப் பாருங்க. யாருக்கு நோய்னு தெரிஞ்சிடும்" என்றேன்.

அரங்கில் கைதட்டல். அந்த மூத்த மருத்துவரும் தட்டினார். இரண்டாம் கட்டம் கிடைத்தது. அந்த ஆண்டின் சிறந்த கள ஆய்வு என்ற விருதும் கிடைத்தது. டாக்டர் மேடையில் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எனக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. பார்வையாளர் பக்கம் சிலர் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விருதுச் செய்தி வெளியானபோது அந்தப் பாதங்களும் வெளியாயின.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை.

ஒரு மாதம் கழித்து வார்டன் அம்மா நிலையத்துக்கே வந்தார். வாயில் வெற்றிலை இல்லை. "இன்னா மேடம் பண்ணிட்டீங்க? பஸ் ஏறக்கொள்ள கான்ட்ராக்ட் ஆளு ஷூவைக் கழட்டிக் காலைக் காட்டுன்றான். வெள்ளை இர்ந்தா, நீ ரெஸ்ட் எடுமா, சரியானதும் கூப்பிடறோம்னு இறக்கி வுட்டுர்றான். கூப்பிடவே மாட்டேன்றான். சுண்ணாம்பு டப்பாவ நான் ஒளிச்சு வச்சுகினு கீறேன்."

"அறுபத்தொண்ணு?" என்று கேட்டேன். அவளுடைய பேர் இப்போது எனக்குத் தெரியும். வாயில் அந்த எண்தான் வந்தது.

"அதை அப்பவே நிப்பாட்டிட்டாங்களே. ஊருக்குப் பூட்ச்சு."

இரண்டாம் கட்டத்தின் முதல் முகாம் அதே விடுதியில். மருந்து இருந்தது, புதிய படிவம் இருந்தது, எல்லாமிருந்தது. அதே வரிசை. நான் குனிந்து பார்த்தேன். எல்லாக் கால்களும் சுத்தம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பெருவிரல்கள். சில நகங்களின் ஓரத்தில் தேய்த்த சிவப்பு. சூடு பிடிச்சிருக்கா என்றால், இல்லை மேடம். பாட்டிலை நீட்டினால், "இப்ப வரல மேடம்." முதல் பத்துப் பேரில் ஒருத்திகூட பாட்டிலை வாங்கவில்லை. வாங்காத பாட்டிலை எந்த மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது? அன்று வெறும் பெட்டியோடு திரும்பினோம். லேபின் சுவரில் விருதுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் என்றால் எனக்கு அந்த எரிச்சலும் உண்டு. பல வருடமாக. ஊரார் பாட்டிலையெல்லாம் சோதித்தவள் ஒரு நாளும் என் பேரை ஒரு பாட்டிலில் எழுதியதில்லை. சூடுதானே என்று விட்டுவிட்டேன்.

மறுவாரம் விடுதிக்குப் போகும்முன் பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் வெற்றிலையும் சுண்ணாம்பும் வாங்கினேன். வெற்றிலையைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். விடுதி வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டு பெருவிரலிலும் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கால்களை நீட்டிக்கொண்டேன்.

சங்கரன்கோவில் பெண்தான் வரிசையில் முதலில். என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"மேடம், உங்களுக்குமா சூடு?"

"ஆமாம்மா. எங்களுக்கும் ரிலீவர் கிடையாது."

அவள் சிரிக்கவில்லை. தெருவில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆளைத் திரும்பிப் பார்த்தாள். "பேப்பர்ல இல்லைன்னே எழுதிக்கிடுங்க மேடம்" என்றாள் மெதுவாக.

அது பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். மருந்துக்குப் பாட்டில் ஒன்றே போதும். விருது வாங்கிய ஆய்வின் படிவத்தில் "இல்லை" என்று எழுதினேன். அவள் கையை நீட்டி பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.